தாய்க்கோழியின் உணவும் குஞ்சின் நலமும்

காஞ்சிமாநகரில் பட்டு நெசவிற்குப் பேர்பெற்ற பகுதிகளுள் ஒன்று பிள்ளையார்பாளையம். பாவின் இழை நலிந்திருப்பின், ஊடை எத்துணை நேர்த்தியாக ஓடினும் சேலை உறுதி பெறாது என்பது நெய்வோர் நன்கறிந்த உண்மை. கோழிக்குஞ்சின் நலமும் இத்தகையதே. அதன் உடலுக்குரிய பாவு, முட்டை இடப்படுமுன்னரே தாயின் உணவால் அமைந்துவிடுகிறது.

பசுவின் வயிற்றிலுள்ள கன்று தாயின் குருதியிலிருந்து நாள்தோறும் உணவு பெறும். கோழியின் கருவுக்கோ அவ்வாய்ப்பு இல்லை. முட்டையோட்டின் நுண்துளைகள் வழியே காற்றுச் செல்லும்; உணவு செல்லாது. அடைகாக்கும் 21 நாள்களுக்கும் தாய் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறே மஞ்சட்கரு. அதன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கொழுப்பாகும். கரு வளர வேண்டிய ஆற்றலில் பத்தில் ஒன்பது பங்கு இக்கொழுப்பிலிருந்தே கிடைக்கிறது. எஞ்சிய மஞ்சட்கரு, பொரிப்பதற்குச் சற்று முன்னர்க் குஞ்சின் வயிற்றுக்குள் சென்றுவிடும். பொரித்த முதல் இரண்டொரு நாள் இரையின்றியும் குஞ்சு உயிர்வாழ்வது இதனாலேயாம்.

தாய் உண்ட கொழுப்பின் தன்மை மஞ்சட்கருவிலும் தோன்றும். கோழியின் உடல் பல கொழுப்புகளைத் தானே ஆக்கிக்கொள்ளும். ஆனால் லினோலீயிக் அமிலத்தை ஆக்கும் ஆற்றல் அதற்கில்லை. உணவில் அது குறையின் முட்டை சிறுக்கும். கருவும் ஓட்டுக்குள்ளேயே மடிய நேரும். மக்காச்சோளத்திலும் எள்ளுப் புண்ணாக்கிலும் இவ்வமிலம் நிரம்ப உண்டு; தேங்காய் எண்ணெயில் மிகக் குறைவு.

எண்ணெயுள்ள பொருள் யாவும் நன்மை தருவன என எண்ணுதல் தவறு. பசுவுக்கு ஊட்டமளிக்கும் பருத்திக்கொட்டை, அடைமுட்டைக்கென வளர்க்கும் கோழிக்கு ஏற்றதன்று. அதன் எண்ணெயிலுள்ள ஒருவகைக் கொழுப்பமிலம் மஞ்சட்கருவைச் சூழ்ந்த மெல்லிய தோலைக் கெடுத்து, வெண்கருவை இளஞ்சிவப்பாக்கும். பொரிக்கும் முட்டைகளின் எண்ணிக்கையையும் குறைக்கும். இலவங்கொட்டையும் அத்தகையதே.

காறிப்போன கொழுப்பும் தீங்கு செய்வது. அரைத்த தவிடு சின்னாள்களிலேயே காறத் தொடங்கும். காறிய எண்ணெய், 'இ' உயிர்ச்சத்தை அழித்துவிடுகிறது. அச்சத்துக் குறைந்த குஞ்சுகள் சில வாரங்களுள் நிலை தடுமாறித் தலையைப் பின்னே வளைத்து விழுந்து மாளும். நோயென்று கருதி மருந்து தேடுவோர் பலர். குற்றம் தீனிப்பானையில் இருப்பதை அறிவோர் சிலரே. கொழுப்பு மிகினும் கேடுண்டு. மிகக் கொழுத்த கோழி முட்டை குறைய இடும்.

பட்டு நெசவோடு தொடர்புடைய தீனி ஒன்றும் உண்டு. காஞ்சித் தறிகளுக்குரிய பட்டுநூல் பெரும்பாலும் கருநாடகத்திலிருந்து வருவது. அங்குக் கூடுகளை வெந்நீரிலிட்டு நூலைப் பிரித்தபின் உள்ளிருந்த கூட்டுப்புழு எஞ்சும். அதனை உலர்த்திப் பொடித்துக் கோழித்தீனியில் கலப்பதுண்டு. உலர்ந்த புழுவின் எடையில் ஏறத்தாழக் கால் பங்கு கொழுப்பாகும். அதில் மிகுந்துள்ள லினோலெனிக் அமிலம், குஞ்சின் மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய கொழுப்பாக மாறவல்லது. எனினும் இக்கொழுப்பு விரைவில் காறுமாதலின், பொடி புதிதாக இருத்தல் வேண்டும்.

மஞ்சட்கருவின் பெரும்பகுதி, முட்டை இடுவதற்கு முந்திய பத்து நாள்களுக்குள் திரள்கிறது. ஆதலின் அடைவைக்கும் நாளில் நல்லுணவு தேடுவதாற் பயனில்லை. இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்னரே கோழிக்குத் தூய தானியமும், காறாத புண்ணாக்கும், பசுங்கீரையும் அளித்தல் வேண்டும். குஞ்சைக் காக்க விழைவோர்க்குத் தாயைப் பேணுதலே முதற்கடன்.