பழைய குரோனோகிராஃப் வாட்ச் வாங்கப் போறீங்களா? முதல்ல இந்தக் கணக்கைப் போடுங்க

2017 அக்டோபரில் நியூயார்க்கில் ஒரு பழைய கைக்கடிகாரம் ஏலத்துக்கு வந்தது. ஹாலிவுட் நடிகர் பால் நியூமேன் கட்டியிருந்த ரோலெக்ஸ் டேடோனா. போன விலை சுமார் 1.77 கோடி டாலர். இப்படி ஒரு செய்தி வந்தாலே போதும், "பழைய வாட்ச் வாங்கி வச்சா பணம் பெருகும்"னு ரீல்ஸ் வரிசை கட்டி வந்துடும்.

ஆனா அந்த ஏலத்தில் விலைபோனது வாட்ச் மட்டும் இல்லை, பால் நியூமேன் என்ற பேரும் சேர்த்துத்தான். உங்க போனஸ் பணத்தில் நீங்க வாங்கப்போற வாட்சுக்கு அப்படி ஒரு பேர் இருக்காது. அப்போ எதுக்குக் காசு கொடுக்கிறீங்க? ரெண்டே விஷயத்துக்கு. ஒண்ணு, மாற்றப்படாம மிஞ்சியிருக்கிற ஒரிஜினல் பாகங்கள். இன்னொண்ணு, ஒழுங்கா ஓடுற மெஷின். இந்த ரெண்டையும் எப்படிப் பார்க்கிறது, அதை வச்சு விலையை எப்படிப் போடுறதுன்னு ஒரு உதாரணத்தோட பார்ப்போம்.

நம்ம உதாரணம்: சீகோ 6139

குரோனோகிராஃப்னா, நேரம் காட்டுறதோட ஸ்டாப்வாட்ச் வேலையும் செய்யற வாட்ச். தானா சாவி ஏறும் குரோனோகிராஃபை முதல்ல கொண்டு வர்றது யாருன்னு 1969இல் பெரிய போட்டியே நடந்தது. ஜெனித் ஒரு பக்கம், ஹாயர், பிரைட்லிங், ஹாமில்டன் கூட்டணி இன்னொரு பக்கம், ஜப்பானில் சீகோ. அந்த வருஷம் சீகோ வெளியிட்டதுதான் 6139.

1973 நவம்பரில் ஸ்கைலேப் விண்வெளி நிலையத்துக்குப் போன வில்லியம் போக், நாசா கொடுத்த ஒமேகாவோட தன் சொந்த மஞ்சள் டயல் சீகோவையும் எடுத்துட்டுப் போனார். அதனால அந்த மாடலுக்கு 'போக்' என்றே பேர் நிலைச்சிடுச்சு. தேவை இருக்கிற இடத்தில் ஒட்டுவேலையும் இருக்கும். அதனால பார்த்து வாங்கக் கத்துக்க இது நல்ல வாட்ச்.

1. டயல்: பாதி விலை இங்கேதான்

பழைய வாட்ச் டயல் பளபளன்னு புதுசு மாதிரி இருந்தா சந்தோஷப்படாதீங்க, சந்தேகப்படுங்க. பழைய டயலைச் சுரண்டி மறுபடி பெயின்ட் அடிச்சு விற்பது நம்ம நாட்டில் நடக்கிற வேலைதான். அப்படி வர்ற எச்எம்டி, சீகோ வாட்ச்களுக்கு வெளிநாட்டு சேகரிப்பாளர்கள் 'மும்பை ஸ்பெஷல்'னு பட்டப்பேரே வச்சிருக்காங்க.

லென்ஸ் வச்சு, இல்லன்னா போன் கேமராவை ஜூம் பண்ணி இதையெல்லாம் பாருங்க:

- எழுத்துகள் கூர்மையா இருக்கா, விளிம்பில் மை கசிஞ்சிருக்கா?
- டயலின் கீழ் விளிம்பில் 6139 என்று தொடங்கும் பொடி எண் இருக்கா?
- இருட்டில் ஒளிரும் பூச்சு முள்ளிலும் டயலிலும் ஒரே மாதிரி பழுத்திருக்கா? டயலில் பழுப்பு, முள்ளில் பளிச் வெள்ளைன்னா முள் மாறியிருக்கும், இல்லன்னா பூச்சு புதுசு.

அடுத்து பின்மூடியில் இருக்கிற சீரியல் எண். முதல் இலக்கம் வருஷத்தின் கடைசி இலக்கம், அடுத்தது மாதம். 38 என்று தொடங்கினா 1973 ஆகஸ்ட். அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு மட்டும் ஆங்கில எழுத்து வரும்.

இதை டயலோட ஒப்பிடுங்க. ஆரம்ப வருஷங்களில் வந்த டயல்களில் 'வாட்டர் 70 மீட்டர் புரூஃப்'னு இருக்கும். அப்புறம் அது 'ரெசிஸ்ட்'னு மாறியது. பின்னாளில் அந்த வரியே டயலில் இல்லை. அதனால பின்மூடி 1976னு சொல்லி, டயல் 'புரூஃப்'னு சொன்னா, ரெண்டும் வேற வேற வாட்சிலிருந்து வந்து சேர்ந்தவை. விற்கிறவர் "ஒரிஜினல் சார்"னு சத்தியமே பண்ணட்டும், ரெண்டு வாட்சைச் சேர்த்த விலைதான் அதுக்கு.

2. கேஸ்: கீறல் பரவாயில்லை, மழுங்கினா கஷ்டம்

ஐம்பது வருஷம் கையில் இருந்த வாட்சில் கீறல் இருக்கத்தான் செய்யும். அதை மறைக்க பாலிஷ் போடும்போது ஓரங்கள் தேஞ்சு, சோப்புக்கட்டி மாதிரி உருண்டு போயிடும். போன உலோகத்தைத் திரும்பக் கொண்டு வர முடியாது. கீறலோட கூர்மையான ஓரம் இருக்கிற கேஸ், பளபளக்கிற மழுங்கல் கேஸைவிட மேல்.

'70 மீட்டர்'ங்கிறதை இன்னைக்கு நம்பாதீங்க. அது புதுசா இருந்தப்போ சொன்னது. மழையில் கட்டவே வேண்டாம்.

3. மெஷின்: அரை மணி நேர டெஸ்ட்

6139க்குக் கையால சாவி கொடுக்க முடியாது. மெதுவா ஒரு நிமிஷம் ஆட்டினா ஓட ஆரம்பிக்கணும். பிறகு:

- மேல் பட்டனை அழுத்தினதும் நடு விநாடி முள் துள்ளாம கிளம்பணும்.
- மறுபடி அழுத்தினா நிற்கணும். கீழ் பட்டனை அழுத்தினா சரியா 12க்குத் திரும்பணும். ஒரு கோடு தள்ளி நின்னாலும் செலவு இருக்கு.
- குரோனோவை 30 நிமிஷம் ஓட விடுங்க. கீழே இருக்கிற குட்டி வட்டத்தின் முள் நிமிஷத்துக்கு ஒரு கோடு நகரணும். இந்த வாட்சில் தனி விநாடி முள் கிடையாது. அதனால பல பேர் குரோனோவையே எப்பவும் ஓட விட்டிருப்பாங்க. தேய்மானம் இங்கேதான் தெரியும்.
- கிரவுனைப் பாதி அழுத்தினா தேதி, முழுசா அழுத்தினா கிழமை மாறணும். ராத்திரி 9 மணியிலிருந்து 2 மணி வரைக்கும் முள் இருக்கும்போது இதைச் செய்யாதீங்க.
- கிரவுனைத் திருகினா உள்வளையம் சுத்தணும். அதைச் சுத்தும் சின்னப் பல்சக்கரம் நிறைய வாட்சில் உடைஞ்சிருக்கும்.

ஆன்லைனில் வாங்குறீங்கன்னா இது எல்லாத்தையும் வெட்டாத ஒரே வீடியோவா கேளுங்க. அனுப்ப மறுத்தா, நீங்களும் பணம் அனுப்ப மறுத்துடுங்க.

4. இப்போ விலை

தங்கத்துக்கு தினமும் ரேட் போடுறாங்க, வாட்சுக்கு அப்படி இல்லை. விற்கிறவர் போட்டிருக்கிற விலை அவரோட ஆசை. விற்று முடிஞ்ச விலைதான் சந்தை. ஏலத் தளங்களில் 'விற்றவை' பட்டியலை மட்டும் பாருங்க, ஒரே மாடலில் குறைஞ்சது பத்து எடுங்க.

சூத்திரம் ரொம்ப எளிது: நல்ல வாட்ச் விற்ற விலை − இதை அந்த நிலைக்குக் கொண்டு வர ஆகிற செலவு − ரிஸ்க்.

கணக்கு புரியறதுக்காக மட்டும் சில எண்கள். ஒரிஜினல் டயலோட, சர்வீஸ் ஆன வாட்ச் ரூ.45,000க்கு விற்குதுன்னு வச்சுக்குவோம். உங்க முன்னாடி இருக்கிறது ரூ.32,000. "13,000 லாபம்"னு மனசு துள்ளும். ஆனா:

- முழு சர்வீஸ்: ரூ.9,000
- உள்வளையப் பல்சக்கரம்: ரூ.2,500
- கண்ணாடி: ரூ.1,500

மொத்தம் 13,000. அந்த லாபம் காணாமப் போச்சு! பிரிச்ச பிறகு வேற என்ன பழுது கிளம்புமோ, அந்த ரிஸ்க் முழுக்க உங்க தலையில். இந்த மெஷினுக்கு உதிரி பாகம் வேணும்னா, மெக்கானிக் பெரும்பாலும் இன்னொரு பழைய வாட்சைப் பிரிச்சுத்தான் எடுக்கணும். அந்த ரிஸ்க்குக்கு 10 சதவீதம், அதாவது ரூ.4,500 கழிச்சா, நீங்க சொல்ல வேண்டிய விலை ரூ.27,500. அதுக்கு மேல கேட்டா, சர்வீஸ் ஆன வாட்சையே 45,000க்கு வாங்கிடுங்க. வெளிநாட்டிலிருந்து வரவழைச்சா சுங்க வரியும் ஐஜிஎஸ்டியும் தனி.

டயல் மறுபெயின்ட்னா இந்தக் கணக்கே செல்லாது. அதை மறுபெயின்ட் வாட்ச்களோட மட்டும்தான் ஒப்பிடணும்.

5. இது முதலீடா?

அதே 45,000 வாட்சை நாளைக்கே கடையில் கொடுத்தா, கடைக்காரர் தன் லாபத்தைக் கழிச்சு 33,000 தர்றார்னு வைங்க. போட்ட பணம் திரும்பக் கிடைக்கவே விலை சுமார் 36 சதவீதம் ஏறணும். நடுவில் வட்டி இல்லை, டிவிடெண்ட் இல்லை, சில வருஷத்துக்கு ஒரு முறை சர்வீஸ் செலவு மட்டும் உண்டு.

அதனால இது 'ஆசை' பட்ஜெட்டில் வர வேண்டிய செலவு. ஆறு மாச அவசர நிதி தனியா இருக்கணும், எஸ்ஐபி நிக்கக் கூடாது, ஈஎம்ஐ போடவே கூடாது. இந்த மூணும் சரியா இருந்தா தாராளமா வாங்கிக் கட்டுங்க. ஆசைப்பட்டதை வாங்குறது தப்பே இல்லை, அதுக்கு முதலீடுன்னு பேர் வச்சு நம்மளையே ஏமாத்திக்க வேண்டாம்.

விற்கிறவர் "இன்னைக்கே இன்னொருத்தர் வர்றார் சார்"னு அவசரப்படுத்தினா, வரட்டும்னு விட்டுடுங்க. 6139 லட்சக்கணக்கில் செஞ்ச வாட்ச். அடுத்தது கண்டிப்பா வரும், அப்போ உங்க கையில் பணமும் இருக்கும், இந்தக் கணக்கும் இருக்கும்.