துவிச்சக்கர வண்டி வாங்கப் போகிறீர்களா?

எரிபொருள் அரிதாகும் வேளையிலேதான் துவிச்சக்கர வண்டியின் அருமை புலனாகின்றது. 1990களில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு எரிபொருள் செல்வது தடைப்பட்டிருந்த காலத்தில், ஆசிரியரும் மாணவரும், விறகுக்கட்டும் அரிசி மூட்டையும், ஏன், நோயாளருங்கூடச் சைக்கிளிலேயே சென்றமையை இன்று வெள்ளவத்தையில் வாழும் பெரியோர் பலர் நன்கறிவர். அதே பாடத்தைக் கொழும்பு மாநகரம் 2022ஆம் ஆண்டிலே படித்தது. அவ்வாண்டு ஜூன் மாத இறுதியில், அத்தியாவசிய சேவைகள் தவிர்ந்த ஏனைய வாகனங்களுக்கு எரிபொருள் வழங்குவது நிறுத்தப்பட்டபோது, மோட்டார் வண்டி வைத்திருந்தோரும் சைக்கிள் கடைகளை நாடிச் சென்றனர். விலைகளும் வெகுவாக உயர்ந்தன.

அன்று அவசரமாக வாங்கிய வண்டிகளுட் சில இன்று மாடிப்படிகளின் கீழே துருப்பிடித்துக் கிடக்கக் காணலாம். "ஓடினால் முதுகு வலிக்கிறது", "கை விறைக்கிறது", "உட்கார முடியவில்லை" என்பன வண்டியைக் கைவிட்டோர் கூறும் காரணங்கள். குற்றம் பெரும்பாலும் வண்டியினது அன்று, அளவினது. நிறத்தையும் பெயரையும் பார்த்து வாங்கினோமேயன்றி, நம் உடலை அளந்து வாங்கினோமில்லை.

வேகமும் சுகமும் ஒன்றுக்கொன்று பகை என்பது பலரது எண்ணம். அது தவறு. உடலுக்குப் பொருந்திய வண்டியிலே களைப்பு குறைவு. களைப்பு குறைந்தால் வேகம் தானே நிலைக்கும்.

எத்தகைய வண்டி?

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு ஏறக்குறைய 10 கிலோமீற்றர். மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் 40 நிமிடங்களும், 20 கிலோமீற்றர் வேகத்தில் 30 நிமிடங்களும் செல்லும். இவ்வழி பெரும்பாலும் சமதரை. ஆதலால், வண்டியின் எடையில் ஒரு கிலோ குறைவதற்காகப் பல்லாயிரம் ரூபாய் செலவிடுதல் மலைநாட்டு ஏற்றங்களில் ஏறுவோருக்குப் பயன்படலாம். காலி வீதியிற் செல்வோருக்கு அதனால் விளையும் நன்மை சிறிதே.

சமதரையில் வேகமாகச் செல்வோருக்குப் பெரும் எதிரி காற்று. பௌதிகம் பயிலும் மாணவர்கள் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடுகின்றது. அதனை வெல்ல வேண்டிய வலுவோ வேகத்தின் கனத்துக்கேற்பக் கூடுகின்றது. 20 கிலோமீற்றர் வேகத்தை 25 ஆக உயர்த்தினால், காற்றை வெல்வதற்கு மட்டும் ஏறக்குறைய இருமடங்கு வலு வேண்டும். இதனாலேயே நம் இளைஞர் 'றேசிங் சைக்கிள்' என அழைக்கும் வண்டியிலே கைபிடி கீழ்நோக்கி வளைந்து, ஓட்டுபவரைக் குனியச் செய்கின்றது.

ஆயின், பந்தய வீரரைப் போல மிகக் குனிந்து அரைமணி நேரம் ஓட்டுதல் எல்லோருக்கும் இயலுமா? இயலாது. எனவே, கைபிடி சற்று உயர்ந்தும் ஆசனத்துக்கு அண்மையிலும் அமைந்த, நெடுந்தூர ஓட்டத்துக்கான வண்டியைத் தேடுக. நேரான கைபிடியும் மெல்லிய ரயரும் உடைய வண்டியும் நகரத்துக்கு ஏற்றதே. தடித்த பற்களையுடைய ரயரும், முன்புறம் சுருள்வில்லும் கொண்ட மலைப்பாதை வண்டி பார்வைக்குக் கம்பீரமானது. தார்வீதியிலோ அது ஓட்டுபவரின் உழைப்பை விழுங்கிவிடும்.

அளவே முதன்மையானது

கடைக்குச் செல்லுமுன் வீட்டிலே ஓர் அளவை எடுத்துக்கொள்ளுங்கள். சுவரிற் சாய்ந்து வெறுங்காலுடன் நேராக நின்று, தடித்த புத்தகமொன்றைக் கால்களுக்கிடையே மேலே அழுத்தி வைத்து, தரையிலிருந்து புத்தகத்தின் மேல்விளிம்பு வரை அளக்க. அந்த அளவை 0.883 ஆற் பெருக்கினால், பெடற்றண்டுகள் சுழலும் அச்சின் நடுவிலிருந்து ஆசனத்தின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய உயரம் ஏறத்தாழக் கிடைக்கும். கால் 80 சென்ரிமீற்றர் எனின் உயரம் சுமார் 70½ சென்ரிமீற்றர். ஆசனம் தாழ்ந்தால் முழங்காலின் முன்புறம் நோகும். உயர்ந்தால் இடுப்பு இருபுறமும் அசைந்து முழங்காலின் பின்புறம் நோகும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. "பிள்ளை வளர்ந்துவிடுவான்" என்று பெரிய சட்டகமுள்ள வண்டியை வாங்காதீர்கள். சட்டைக்கு அது பொருந்தலாம், சைக்கிளுக்குப் பொருந்தாது. பின்னால் பேருந்து வரும் வேளையில் சட்டென நின்று நிலத்திற் காலூன்ற இயலாத பிள்ளையின் நிலையை எண்ணிப் பாருங்கள். நடுத்தண்டுக்கு இருபுறமும் கால்விட்டு நிற்கும்போது, தண்டுக்கும் உடலுக்கும் இடையே இரண்டு மூன்று சென்ரிமீற்றரேனும் இடைவெளி வேண்டும்.

ஆசனம்

மெத்தென்ற அகன்ற ஆசனமே சுகமானது என எண்ணுதல் இயல்பு. கடைவாசலில் இரண்டு நிமிடம் ஓட்டிப் பார்க்கையில் அது உண்மைபோலவுந் தோன்றும். அரைமணி நேரத்தின் பின்னரே உண்மை வெளிப்படும். நம் உடலின் பாரத்தைத் தாங்க இயற்கை அமைத்தவை இடுப்பின் அடியிலுள்ள இரண்டு எலும்பு முனைகள். மிக மென்மையான ஆசனத்திலே அவை அமிழ்ந்துபோக, நடுவிலுள்ள நரம்புகளும் குருதிக்குழாய்களும் நசுங்கி விறைப்பு உண்டாகின்றது.

ஆகவே ஆசனத்தையும் அளந்தே தெரிவு செய்க. கடினமான கதிரையில் நெளிவுள்ள கடதாசி அட்டையொன்றை வைத்து, அதன்மீது முன்குனிந்து சிறிது நேரம் அமர்ந்து எழுக. அட்டையிற் பதிந்த இரு குழிகளின் நடுக்களுக்கிடையே உள்ள தூரத்துடன் 2 அல்லது 3 சென்ரிமீற்றர் கூட்டுக. அதுவே ஆசனத்தின் அகலம். பெண்களுக்கு இவ்வளவு பொதுவாகச் சற்று அதிகம். கணவனுக்கு உகந்த ஆசனம் மனைவிக்கு உகந்ததாகாமல் இருக்கலாம்.

1866இல் பேர்மிங்காமில் தொடங்கிய புறூக்ஸ் நிறுவனத்தின் தோலாசனங்கள், நாளடைவில் அமர்பவரின் உடலுக்கேற்பப் படிவன எனப் புகழ்பெற்றவை. ஆயின் தோலுக்கு மழை ஆகாது. நம் பருவமழைக்கு உறையின்றி அது நெடுநாள் தாங்காது. எவ்வகை ஆசனமாயினும் அதனை நிலத்துக்குச் சமாந்தரமாகப் பொருத்துக. மூக்கு கீழே சரிந்தால் உடல் முன்னே வழுகி, கைகளிற் பாரம் ஏறும்.

ரயரும் காற்றும்

மெல்லிய ரயரே விரைவானது என்பது பழைய நம்பிக்கை. பிரான்ஸ் நாட்டைச் சுற்றிவரும் பெரும்பந்தயத்து வீரர்களே, முன்னர் 23 மில்லிமீற்றர் ரயரை விரும்பியவர்கள், இப்போது 28 மில்லிமீற்றருக்கு மாறிவிட்டனர். அகன்ற ரயருக்குக் காற்று குறைவாகப் போதும். அது குழிகளின் அதிர்ச்சியைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். நம் வீதிகளுக்கு 28 முதல் 32 வரை நன்று. ரயரின் பக்கத்திற் பொறித்துள்ள அழுத்த எல்லையை ஒருபோதும் மீறலாகாது.

கடையிலே

டாம் வீதிச் சைக்கிள் கடைகளுக்குச் செல்வோர் குறைந்தது இரண்டு அளவுகளிலேனும் ஓட்டிப் பார்த்துக் கேட்டறிக. ஆசனத்தை மாற்றித் தருவார்களா, உதிரிப்பாகம் கிடைக்குமா எனவும் வினவுக. பணம் குறைவாயின் சட்டகத்தின் ஆடம்பரத்தைக் குறைத்து, பிறேக்கிலும் ரயரிலும் ஆசனத்திலும் செலவிடுக. தலைக்கவசத்துக்கும் விளக்குக்கும் ஒரு பங்கை ஒதுக்குக. கடற்காற்றின் உப்பு சங்கிலியை அரிக்கும். கரையோர வீதியில் ஓட்டுவோர் வாரமொருமுறை துடைத்து எண்ணெயிடுதல் நலம்.

விலை உயர்ந்த வண்டியெல்லாம் நல்ல வண்டியன்று. நாள்தோறும் ஓட்டத் தூண்டும் வண்டியே நல்ல வண்டி. அளவுநாடாவும் ஓர் அட்டைத்துண்டும் காசு கேட்பதில்லை. அவற்றை எடுத்துக்கொண்டு புறப்படுங்கள்.