அனுமதி மறுக்கப்பட்டது!

கணினியில் ஒரு நிரல் இயங்க மறுத்தால் நம்மில் பலர் என்ன செய்கிறோம்? கணினியை அணைத்துப் போடுகிறோம். அதற்கும் மசியாவிட்டால், 'வைரஸ் புகுந்துவிட்டது' என்று தீர்ப்புக் கூறிவிடுகிறோம். நோய் இன்னதென்று அறியாமல் மருந்து கொடுப்பதற்கு ஒப்பானது இது. அவ்வாறு மருந்து கொடுத்து, இருந்த நோயைவிடப் பெரிய நோயை வரவழைத்துக்கொண்டவன் நான்.

தமிழக அரசு 2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்கீழ், என் அக்காவுக்குப் பள்ளியில் ஒரு கணினி கிடைத்தது. அதில் விண்டோஸுடன் 'பாஸ்' என்னும் லினக்ஸ் இயங்குதளமும் இருந்தது. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கியது அது. செய்முறைத் தேர்வுக்கு முந்தைய மாலை, ஆய்வுக்கூடத்தில் சி மொழியில் எழுதி முடித்த நிரலைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு, திருமங்கலத்தை அடுத்த எங்கள் ஊருக்குப் பேருந்து ஏறினேன். இரவு பாஸில் அதை இயக்கினால், 'பெர்மிஷன் டினைட்' என்று ஒரே வரி வந்தது. அதாவது, 'அனுமதி மறுக்கப்பட்டது'. பத்து முறை முயன்றேன். பத்து முறையும் அதே பதில்தான்.

இந்தப் பதிலின் பொருளை முதலில் விளங்கிக்கொள்வோம். கோப்பு இல்லையென்றால் கணினி 'இல்லை' என்றே சொல்லும். 'அனுமதி மறுக்கப்பட்டது' என்றால் கோப்பு இருக்கிறது, ஆனால் கேட்டவருக்கு அந்த உரிமை இல்லை என்று பொருள். ஆகவே இது பழுதன்று. ஒரு விதியின் வேலை.

இவ்விதியின் மூலம் யூனிக்ஸில் இருக்கிறது. 1969 முதல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி முதலியோர் யூனிக்ஸை உருவாக்கினர். ஒரே கணினியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்திய காலம் அது. ஒருவர் கோப்பை மற்றவர் கெடுத்துவிடாதிருக்கக் காவல் தேவைப்பட்டது. யூனிக்ஸின் வழியைப் பின்பற்றி 1991இல் லினஸ் டார்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸும் அதே காவலை ஏற்றுக்கொண்டது.

காவலின் அமைப்பு எளியது. ஒவ்வொரு கோப்புக்கும் மூவகை மனிதர் உண்டு: உரிமையாளர், அவருடைய குழுவினர், ஏனையோர். ஒவ்வொரு வகையினருக்கும் மூன்று உரிமைகள்: படித்தல், எழுதுதல், இயக்குதல். படித்தலுக்கும் இயக்குதலுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்கலாம். ஜிகர்தண்டா செய்யும் முறையைத் தாளில் எழுதி ஒருவரிடம் கொடுக்கிறோம். அவர் அதைப் படிக்கலாம். ஆனால் அடுப்பங்கரைக்குள் போய் அதன்படி செய்ய அவருக்கு உத்தரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். என் நிரலின் நிலை அதுதான்.

'எல்எஸ் -எல்' என்ற கட்டளையை இட்டால் இவ்வுரிமைகள் ஒன்பது இடங்களில் தெரியும். ஆர் என்றால் படித்தல், டபிள்யூ என்றால் எழுதுதல், எக்ஸ் என்றால் இயக்குதல்; இல்லாத உரிமைக்குச் சிறு கோடு. எண்ணாக எழுதினால் படித்தலுக்கு 4, எழுதுதலுக்கு 2, இயக்குதலுக்கு 1. ஆகவே 755 என்றால் உரிமையாளருக்கு எல்லாம். மற்ற இரு வகையினருக்கும் படிக்கவும் இயக்கவும் மட்டும். 644 என்றால் எவருக்கும் இயக்கும் உரிமை இல்லை. எவருக்குமே எக்ஸ் இல்லாத கோப்பை, சர்வ அதிகாரமும் படைத்த 'ரூட்' பயனரால்கூட இயக்க முடியாது!

அப்படியானால், ஆய்வுக்கூடத்தில் ஓடிய நிரல் வீட்டில் உரிமையை இழந்தது எப்படி? பென்டிரைவில்தான் இழந்தது. பெரும்பாலான பென்டிரைவுகளில் உள்ள 'ஃபேட்' என்ற கோப்பு முறையில், இந்த ஒன்பது குறிகளை எழுதிவைக்க இடமே இல்லை. அங்கிருந்து எடுக்கும்போது கணினி பொதுவான ஓர் உரிமையைத் தானாக இடுகிறது; அதில் எக்ஸ் இல்லாமல் போகிறது. பென்டிரைவில் வைத்தே உரிமையை மாற்ற முயன்றாலும் அது நிலைக்காது. கோப்பை நம் இல்லக் கோப்புறைக்கு நகலெடுத்து, 'சிஎச்மாட் யு+எக்ஸ்' என்ற கட்டளையோடு கோப்பின் பெயரைச் சேர்த்து இட்டால் போதும். உரிமையாளருக்கு மட்டும் இயக்கும் உரிமை கிடைக்கும், காரியம் முடிந்துவிடும்.

அன்றிரவு எனக்கு இது தெரியாது. நிரலை நகலெடுத்த பின்னும் அது ஓடவில்லை. தொலைபேசியில் நண்பன் ஒருவன், "எல்லாவற்றுக்கும் 777 கொடுத்துவிடு" என்றான். நானும் ரூட் அதிகாரத்தோடு கணினி முழுமைக்கும் 777 கொடுத்தேன். நிரல் ஓடியது! வெற்றி பெற்றதாக மகிழ்ந்து உறங்கினேன்.

மறுநாள் அக்கா ஒரு மென்பொருளை நிறுவ முயன்றபோது, அதிகாரம் வழங்கும் 'சூடோ' என்ற நிரலே வேலை செய்ய மறுத்தது. காரணம் இதுதான். சில நிரல்களுக்கு, இயக்குபவர் யாராயினும் தம் உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓடும்படி ஒரு தனிக்குறி உண்டு. டென்னிஸ் ரிச்சி கண்ட அம்முறைக்கு 1979இல் காப்புரிமை கிடைத்தது. நான் கொடுத்த 777 அக்குறியை அழித்துவிட்டது. மேலும், எவரும் திருத்தலாம் என்றாகிவிட்ட அதிகாரப் பட்டியலை நம்பவும் சூடோ மறுக்கும். கதவுகளையெல்லாம் கழற்றி வைத்துவிட்டால், காவலர் யாரை நம்புவார்?

அக்கணினியில் அக்கா போட்டித் தேர்வுக்காக இரண்டாண்டுகள் தொகுத்த குறிப்புகள் இருந்தன; வேறு நகல் கிடையாது. கல்லூரியில் எங்கள் ஆசிரியர் ஒருவர், வேறொரு பென்டிரைவிலிருந்து கணினியை எழுப்பிக் குறிப்புகளை மீட்டுத் தந்தார். இயங்குதளத்தை மறுபடியும் நிறுவ வேண்டியதாயிற்று. அக்கா என்னை ஒரு சொல்லும் கடியவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

ஆகவே நண்பர்களே, மறுப்பு வந்தால் நான்கு கேள்விகளை வரிசையாகக் கேளுங்கள். முதலாவது, நான் யார்? 'ஹூஅம்ஐ' என்ற கட்டளை சொல்லும். இரண்டாவது, கோப்பு யாருடையது, எக்ஸ் உண்டா? மூன்றாவது, வழி திறந்திருக்கிறதா? அம்மன் சந்நிதி திறந்திருந்தாலும் கோபுர வாசல் சாத்தியிருந்தால் உள்ளே போக முடியுமா? அதுபோலவே, கோப்பு வரையிலுள்ள ஒவ்வொரு கோப்புறைக்கும் எக்ஸ் இருந்தாக வேண்டும். நான்காவது, கோப்பு தங்கியிருக்கும் இடம் எது? பென்டிரைவா, உள்வட்டா? விடை கிடைத்ததும், வேண்டியவருக்கு வேண்டிய உரிமையை மட்டும் கொடுங்கள்.

நம் கையிலுள்ள ஆண்ட்ராய்டு கைபேசியும் லினக்ஸின் மேல் அமைந்ததே. ஒவ்வொரு செயலியையும் தனித்தனிப் பயனராகக் கருதி, ஒன்றின் கோப்பை மற்றொன்று தொடாதபடி காப்பது இதே விதிதான். அன்றிரவு என்னைத் தடுத்த அந்த ஒற்றை வரியை எதிரியாக எண்ணினேன். அது அக்காவின் குறிப்புகளுக்கும் காவலாக நின்றது என்பதைக் காவலைக் குலைத்த பிறகே உணர்ந்தேன்.