சிவாஜி நகர் மாதா கோவில்
கூரைக் குடிலில் தொடங்கி 160 அடி கோபுரமாக உயர்ந்த கதை

சனிக்கிழமை மாலை. சிவாஜி நகர் பஸ் நிலையம். பஸ்சில் இருந்து இறங்கும் கூட்டத்தில் பாதி பேர் ரசல் மார்க்கெட் பக்கம் போகிறார்கள். மீதிப் பேர் எதிரே தெரியும் உயர்ந்த கோபுரத்தை நோக்கி நடக்கிறார்கள்.

அவர்களில் கையில் சாப்பாட்டுப் பையோடு வரும் தொழிலாளி உண்டு. ஆபீஸ் முடிந்து வரும் குமாஸ்தா உண்டு. கட்டிட வேலை முடிந்து, காலில் சிமெண்டு தூள் போகாமலேயே வரும் பெண்கள் உண்டு. நெற்றியில் திருநீறு, குங்குமம் இட்டவர்களும் உண்டு. ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்து, மாதாவின் முகத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, அடுத்த பஸ்சைப் பிடிக்க ஓடுகிறார்கள்.

இது பெங்களூர் புனித மரியன்னை பேராலயம். மக்கள் வாயில் "மாதா கோவில்". பெங்களூருக்குப் புதிதாக வந்த எத்தனையோ தமிழர்களுக்கு, இந்த ஊரில் முதன் முதலாகத் தெரிந்த இடங்களில் இதுவும் ஒன்று. தினமும் இந்தக் கோபுரத்தைக் கடந்து வேலைக்குப் போகிறவர்களிலும் பலருக்கு இதன் கதை தெரியாது.

செஞ்சியில் இருந்து வந்தவர்கள்

சிவாஜி நகருக்குப் பழைய பெயர் பிளாக்பள்ளி. இந்தப் பெயருக்கு இரண்டு காரணம் சொல்வார்கள். இங்கே வெள்ளை அரிசி விளைந்தது, கன்னடத்தில் "பிளி அக்கி பள்ளி" என்று அழைத்தார்கள், அது வெள்ளைக்காரர் வாயில் பிளாக்பள்ளி ஆயிற்று என்பது ஒன்று. தண்டுப் பகுதியைத் திட்டமிட்ட பிளாக்கிஸ்டன் என்ற ராணுவ என்ஜினீயர் பெயரால் வந்தது என்பது மற்றொன்று.

தமிழ்நாட்டில் செஞ்சிப் பகுதியில் இருந்து பிழைப்புத் தேடி வந்த கிறிஸ்தவக் குடும்பங்கள், அந்தக் கிராமத்தில் ஒரு கூரைக் குடிலைப் போட்டு மாதாவை வைத்து வணங்கினார்கள் என்றும், அதற்குக் காணிக்கை மாதா கோவில் என்று பெயர் என்றும் பங்கின் வரலாறு சொல்கிறது. கோபுரம் கிடையாது. மணி கிடையாது. ஓலைக் கூரையும் மண் சுவரும்தான். ஆனால் அதுவே வித்து.

1799-ம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்தார். அதன் பிறகு மைசூர்ப் பகுதியில் சிதறிக் கிடந்த கத்தோலிக்க மக்களைத் திரட்டும் பொறுப்பு ஒரு பிரெஞ்சுப் பாதிரியாரிடம் வந்தது. அவர் பெயர் அபே துபுவா.

துபுவா சாதாரண ஆள் அல்ல. 1792-ல் இந்தியாவுக்கு வந்தவர். இந்த நாட்டு உடை, இந்த நாட்டு உணவு, இந்த நாட்டு மொழி என்று வாழ்ந்தவர். 1803-1804-ம் ஆண்டுகளில் மைசூர் ராஜ்ஜியத்தில் 25 ஆயிரத்துக்கும் அதிகமானவர்களுக்கு அம்மைப்பால் வைக்கச் செய்தவர். நம் மக்களின் பழக்கவழக்கங்களைப் பற்றி அவர் எழுதிய நூல் உலகப் புகழ் பெற்றது. அவர் 1803-ல் பிளாக்பள்ளியில் பூசை வைத்தார். பின்னர் கூரைக் குடில் இருந்த இடத்தில் ஒரு சிறிய கோவிலும் எழுந்தது.

தண்டு வந்தது, தமிழர் வந்தனர்

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தங்கி இருந்த வெள்ளைக்காரப் பட்டாளத்தைக் கொசுவும் காய்ச்சலும் வாட்டின. குளிர்ச்சியான பெங்களூருக்குப் பட்டாளத்தை மாற்றினார்கள். 1809-ல் தண்டு உருவாயிற்று. கண்டோன்மெண்டைத்தான் நம்மவர்கள் "தண்டு" என்று அழைத்தார்கள். இன்றும் பழையவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

பட்டாளம் வந்தால் அது தனியாக வருமா? சமையல்காரர், சலவைக்காரர், குதிரைக்காரர், தையல்காரர், கொத்தனார், தரகர், கணக்குப்பிள்ளை என்று பெரும் கூட்டமே பின்னால் வந்தது. சென்னை ராஜதானிப் பட்டாளம் என்பதால் வந்தவர்களில் பெரும் பகுதி தமிழர். 1864-ல் சென்னையில் இருந்து தண்டு வரை ரெயில் வந்தது. வடஆற்காட்டில் ஏறியவர் மறுநாள் பிளாக்பள்ளிச் சந்தில் குடித்தனம் வைத்தார்.

கோவிலை நடத்தியவர்கள் பாரீஸ் வேத போதக சபையைச் சேர்ந்த பிரெஞ்சுப் பாதிரியார்கள். புதுச்சேரிதான் அவர்களுக்குத் தாய் வீடு போன்றது. பெங்களூர்த் தண்டில் பூசை முடிந்த பிறகு தமிழில் பிரசங்கம் கேட்டதில் அதிசயம் இல்லை.

7 ஆண்டு வேலை

கூட்டம் பெருகியது. சிறிய கோவில் போதவில்லை. புதிய கோவில் கட்டத் துணிந்தவர் கிளைனர் என்ற பாதிரியார். 1875-ல் வேலை தொடங்கியது. 1882-ல் முடிந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 8-ந் தேதி, மாதாவின் பிறந்த நாளன்று, மேற்றிராணியார் கொவாதூ கோவிலை மந்திரித்துத் திறந்து வைத்தார்.

கோபுரத்தின் உயரம் 160 அடி. ஏறத்தாழ 15 மாடி உயரம். மாடி வீடே அபூர்வமாக இருந்த அந்தக் காலத்துத் தண்டில், வெகுதூரத்தில் வருகிறவருக்கும் இந்தக் கோபுரம்தான் வழிகாட்டி.

கட்டிட அமைப்பு கோதிக் முறை. ஐரோப்பாவில் 12-ம் நூற்றாண்டில் பிறந்த முறை இது. அடையாளம் கண்டுகொள்வது சுலபம். வாசலையும் ஜன்னலையும் பாருங்கள். வளைவின் உச்சி வட்டமாக இருக்காது. இரண்டு கைகளைக் கூப்பியது போல் கூர்மையாக இருக்கும்.

இது அழகுக்காக மட்டும் செய்தது அல்ல. வட்ட வளைவு, மேலே உள்ள பாரத்தைப் பக்கவாட்டில் அதிகமாகத் தள்ளும். சுவர் தடிமனாக இருந்தால்தான் தாங்கும். கூர் வளைவு, பாரத்தைக் கூடுமானவரை கீழ் நோக்கி இறக்கித் தூண்களில் சேர்த்து விடும். அதனால் சுவரில் பெரிய ஜன்னல்களைத் திறக்கலாம். கூரையையும் உயரத் தூக்கலாம். உள்ளே நுழைந்ததும் பார்வை தானாக மேலே போவதற்குக் காரணம் இதுதான்.

வரிசையாக நிற்கும் தூண்கள் வழிபாட்டுக் கூடத்தை நடுப்பகுதி என்றும் பக்கப்பகுதி என்றும் பிரிக்கின்றன. கண்ணாடி ஜன்னல்களில் வண்ணச் சித்திரங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் வேதக் கதையைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட கலை இது. இரண்டாம் உலகப்போர் சமயத்தில் இந்தக் கண்ணாடிகளைக் கழற்றிப் பத்திரப்படுத்தினார்கள். 1947-ல் மீண்டும் பொருத்தினார்கள்.

1974-ல் இந்தக் கோவில் "பசிலிக்கா" என்ற பேராலயத் தகுதி பெற்றது. போப் ஆண்டவர் தரும் தனிச் சிறப்பு அது. கர்நாடகத்தில் இந்தத் தகுதியைப் பெற்ற முதல் கோவில் இதுதான். கார்க்களை அடுத்த அத்தூர் கோவிலுக்கு இதே தகுதி கிடைக்க 2016 வரை ஆயிற்று.

இரட்டைக் கோபுரமும் கருங்கல் மாளிகையும்

தண்டுப் பகுதியில் இன்னும் இரண்டு கோவில்களைப் பார்த்தால்தான் கதை முழுமை அடையும்.

ரெசிடென்சி ரோடு பக்கம் இருப்பது புனித பேட்ரிக் ஆலயம். 1844-ல் உருவானது. வெள்ளைக்காரப் பட்டாளத்தில் ஐரிஷ்காரர்கள் ஏராளம். அவர்கள் கத்தோலிக்கர்கள். பேட்ரிக் அவர்கள் நாட்டுப் புனிதர். பெயரைப் பார்த்தாலே யாருக்காகக் கட்டிய கோவில் என்று தெரிந்து விடும். முகப்பில் இரட்டைக் கோபுரம் நிற்கிறது.

கிளீவ்லண்ட் டவுன் பக்கம் இருப்பது புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயம். 1851-ல் சிறிய கோவிலாகத் தொடங்கியது. 1898-ல் பெங்களூரைப் பிளேக் நோய் சூறையாடியது. நெருக்கமான சந்துகளில் சாவு அதிகம். அதன் பிறகு தண்டில் காற்றோட்டமான புதிய குடியிருப்புகள் உருவாயின. பிரேசர் டவுன் அப்படிப் பிறந்ததுதான்.

சவேரியார் கோவிலைப் பெரிதாகக் கட்ட 1911-ல் வேலை தொடங்கினார்கள். இடையில் முதல் உலகப்போர் வந்து போயிற்று. 1932-ல்தான் கோவில் முடிந்தது. முழுக்க முழுக்கக் கருங்கல். மேலே குவிமாடம். மாதா கோவில் வானத்தை நோக்கி எழுகிறது என்றால், சவேரியார் கோவில் தரையில் கால் ஊன்றி நிற்கிறது. 1940-ல் பெங்களூர் தனி மறைமாவட்டம் ஆனது. சவேரியார் கோவில் அதன் தலைமைக் கோவிலாக விளங்குகிறது.

சேலை கட்டிய மாதா

மாதா கோவிலின் சிறப்பு கோபுரம் மட்டும் அல்ல. அங்குள்ள மாதா சுரூபம் சுமார் 6 அடி உயரம். குழந்தை ஏசுவைக் கையில் ஏந்திய கோலம். கட்டிடம் ஐரோப்பிய முறை. ஆனால் மாதாவுக்குக் கட்டுவது நம் ஊர்ச் சேலை. நேர்ச்சையாகப் பெண்கள் சேலை கொண்டு வந்து கொடுக்கிறார்கள்.

ஆகஸ்டு 29-ந் தேதி கொடி ஏறும். 9 நாள் நவநாள். செப்டம்பர் 8-ந் தேதி பெருவிழா. காவி உடுத்திய பக்தர்கள் தெருவெல்லாம் நிறைந்திருப்பார்கள். மாலையில் தேர்ப் பவனி. ரசல் மார்க்கெட் வியாபாரிகளும், அக்கம்பக்கத்து இந்துக்களும், முஸ்லிம்களும் தெருவோரம் நின்று பார்ப்பார்கள்.

அதே நாட்களில்தான் வேளாங்கண்ணியிலும் திருவிழா. லீவு கிடைத்தவர் ரெயில் ஏறுவார். லீவு கிடைக்காதவருக்குச் சிவாஜி நகரே வேளாங்கண்ணி.

லத்தீன் போயிற்று, கேள்வி வந்தது

முன்பு இந்தக் கோவில்களில் பூசை லத்தீனில்தான் நடந்தது. தமிழருக்கும் அது புரியாது. கன்னடருக்கும் அது புரியாது. அதனால் சண்டையும் இல்லை.

1962 முதல் 1965 வரை ரோமில் நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம், மக்கள் மொழியில் வழிபாடு நடத்த வழி திறந்தது. தமிழ்நாட்டில் தமிழ் என்பது சுலபமாக முடிந்தது. பெங்களூரில் எந்த மொழி?

தண்டுக் கோவில்களில் பல தலைமுறையாகத் தமிழர் நிறைந்திருந்தனர். "ஜெபம் தாய்மொழியில்தான் வரும்" என்றனர் அவர்கள். "கன்னட நாட்டுக் கோவிலில் கன்னடத்துக்கு முதல் இடம் வேண்டாமா?" என்றனர் கன்னடக் கத்தோலிக்கர்கள். இரண்டு கேள்வியிலும் நியாயம் இருந்தது. 1980-களில் மனக்கசப்பு முற்றியது. கிளர்ச்சிகளும் நடந்தன. ஒரே பீடத்தின் முன் முழங்கால் போட்டவர்கள் முகம் கொடுத்துப் பேசாத நாட்களும் உண்டு.

காலமும் பொறுமையும் ஒரு வழியைக் காட்டின. இன்று மாதா கோவிலில் கன்னடம், தமிழ், ஆங்கிலம் என்று மொழிவாரியாக நேரம் பிரித்துப் பூசை நடக்கிறது. முந்திய பூசைக்காரர் வெளியே வரும்போது அடுத்த பூசைக்காரர் உள்ளே போகிறார். வாசலில் இரண்டு மொழியும் உரசிக்கொள்கின்றன. பழைய புண்ணின் தழும்பு முழுவதும் மறைந்துவிடவில்லை. ஆனால் வாசல் ஒன்றுதான்.

பதிவேட்டில் உள்ள பெயர்கள்

கோபுரத்தைவிட முக்கியமான ஒன்று பழைய பங்குக் கோவில்களின் அறைகளில் இருக்கிறது. அதுதான் ஞானஸ்நானப் பதிவேடு. யாருக்கு, எந்தத் தேதியில் ஞானஸ்நானம், தாய் தகப்பன் யார், ஞானத் தகப்பன் யார் என்று வரிசையாக எழுதி வைப்பார்கள்.

வீட்டில் பிறந்த குழந்தைக்கு நகரசபையில் பதிவு செய்யாமல் விட்ட ஏழைகள் அந்தக் காலத்தில் ஏராளம். பள்ளிக்கூடத்தில் சேர்க்கவும், வேலையில் வயதைக் காட்டவும் பல குடும்பங்களுக்குக் கைகொடுத்தது பங்குச் சாமியார் எழுதிக் கொடுத்த ஒரு துண்டுக் காகிதம்தான். "நான் இந்த ஊரில் பிறந்தவன்" என்று சொல்ல அவர்களிடம் இருந்த ஒரே சாட்சி அது.

கோவிலைக் கட்டிய பாதிரியார் பெயரும், திறந்து வைத்த மேற்றிராணியார் பெயரும் சரித்திரத்தில் இருக்கின்றன. செங்கல் சுமந்தவர்கள், சுண்ணாம்பு அரைத்தவர்கள், 160 அடி உயரத்தில் சாரம் கட்டி நின்றவர்கள் பெயர் கல்வெட்டில் கிடையாது. அவர்கள் திருமணம் செய்ததும், பிள்ளை பெற்றதும், மண்ணுக்குப் போனதும் மட்டுமே பதிவேடுகளில் இருக்கும்.

அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். தெருவில் கன்னடம் பேசுகிறார்கள். ஆபீசில் ஆங்கிலம் பேசுகிறார்கள். "சொந்த ஊர் எது?" என்று கேட்டால் சிலர் செஞ்சி என்பார்கள், சிலர் ஆற்காடு என்பார்கள். போய்ப் பார்த்தவர்கள் குறைவு.

இரவு 8 மணிக்குப் பஸ் நிலையத்தில் கூட்டம் குறைகிறது. மெழுகுவர்த்தி மேடையில் பாதி எரிந்த திரிகள் காற்றில் ஆடுகின்றன. கடைசியாக வந்த ஒரு தொழிலாளி, அணைந்துபோன யாரோ ஒருவரின் மெழுகுவர்த்தியைத் தன் மெழுகுவர்த்தியால் ஏற்றி வைத்துவிட்டுப் பஸ்சுக்குப் போகிறார். கூரைக் குடிலில் ஏற்றிய விளக்கு இப்படித்தான் கை மாறிக் கை மாறி இங்கே வந்திருக்கிறது.