தளம் போடும் முன்பே விளக்கை யோசியுங்கள்

வீடு கட்டும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. சமையல் மேடை எத்தனை அடி உயரம், பூஜை அறை எந்த மூலையில், துணி துவைக்கும் கல் எங்கே என்றெல்லாம் நாம் மாதக்கணக்கில் யோசிக்கிறோம். விளக்கு விஷயத்தை மட்டும் எலெக்ட்ரீசியன் கையில் விட்டுவிடுகிறோம். பெயின்ட் அடித்த பிறகு கடைக்குப் போய் அழகாகப் பார்த்து வாங்கிக்கலாம் என்று ஒரு நினைப்பு. சுவரில் ட்யூப்லைட் மாட்டிய காலத்தில் அது சரிதான். இப்போது எல்லோரும் ஆசைப்படுவது கூரைக்குள் பதித்து வைக்கும் எல்.இ.டி. விளக்கு அல்லவா? அதற்கான டப்பாவும் பைப்பும் கம்பி கட்டும்போதே, கான்கிரீட் கொட்டும் முன்பே, சென்ட்ரிங் பலகை மேல் உட்கார்ந்துவிட வேண்டும். கான்கிரீட் இறுகிய பிறகு, "தம்பி, அந்த விளக்கை ஒரு அடி தள்ளிப் போடேன்" என்று சொன்னால் நடக்காது. தளத்தைக் கொத்தக் கூடாது. உள்ளே இருக்கும் கம்பிக்குக் கேடு.

ஃபால்ஸ் சீலிங் போடுகிறவர்களுக்கு இந்த அவசரம் இல்லை. ஜிப்சம் பலகையில் பிறகு கூட வட்டம் வெட்டிக்கொள்ளலாம். ஆனால் ஆறு அங்குலத்துக்கு மேல் உயரம் குறையும். மின்விசிறி இன்னும் கீழே இறங்கும். மேலே உள்ள இடுக்கில் பல்லியும் கரப்பானும் குடித்தனம் நடத்தும், எலி வந்தாலும் ஆச்சரியமில்லை. தஞ்சாவூரில் நாங்கள் கட்டிய வீட்டில் ஃபால்ஸ் சீலிங் வேண்டாம் என்று முடிவு செய்ததற்கு முக்கால்வாசிக் காரணம் இந்தப் பல்லிதான்!

சென்ட்ரிங் அடித்து முடிந்த அன்று எலெக்ட்ரீசியன் தம்பி சாக்பீஸோடு வந்தார். ஹால் 12-க்கு 18 அடி. "அக்கா, சுத்தி வர பன்னிரண்டு லைட் போட்டுடலாம், எல்லா வீட்டிலேயும் இப்ப அதான் ஃபேஷன்" என்றார். ஒவ்வொன்றும் 12 வாட். நான் ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பன்னிரண்டு பன்னிரண்டு 144 வாட். எல்.இ.டி. வாட்டுக்குச் சுமார் 90 லூமன் வெளிச்சம் தரும் (லூமன் என்பது வெளிச்சத்தின் அளவு, அட்டைப் பெட்டியிலேயே போட்டிருப்பார்கள்). ஆக, கிட்டத்தட்ட 13,000 லூமன். பழைய 40 வாட் ட்யூப்லைட் ஒன்று 2,400 சொச்சம்தான் தரும். ஹாலில் ஐந்து ட்யூப்லைட்டை ஒன்றாக எரியவிட்டு யாராவது உட்காருவோமா? கரண்ட் கணக்கையும் பாருங்கள். தினம் 5 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்தில் 43 யூனிட், ஹாலுக்கு மட்டும்!

கடைசியில் 7 வாட் விளக்கு ஆறே ஆறு போட்டோம். மூன்று ஒரு சுவிட்சில், மூன்று இன்னொன்றில். விருந்தாளி வந்தால் ஆறும் எரியும், மற்ற நாளில் மூன்று. ஆறுமே எரிந்தால் கூட இரண்டு மாதத்துக்கு 13 யூனிட்டுக்குள் அடங்கிவிடும். தம்பிக்கு முகம் கொஞ்சம் வாடிப்போயிற்று. ஆனால் எனக்குக் கூரை பளபளப்பதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருந்தது. அது என் மாமியாரின் கண்.

அத்தைக்கு 76 வயது. ஒரு கண்ணில் புரை ஆபரேஷன் ஆகிவிட்டது. மறு கண்ணில் இப்போதுதான் புரை கட்டத் தொடங்கியிருக்கிறது. வாடகை வீட்டில் இருந்தபோது இரவில் பாத்ரூம் போக எழுந்து, நிலைப்படி தெரியாமல் தடுக்கி விழுந்து, ஒன்றரை மாதம் கையில் கட்டோடு இருந்தார். நல்ல வேளையாக இடுப்பு எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. வயதானவர்கள் கண்ணில் ஒரு விநோதம் உண்டு. இருபது வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதில் போய்ச் சேருகிறது. கண்மணி சுருங்கிவிடுகிறது, லென்ஸ் பழுத்து மஞ்சளாகிவிடுகிறது. அதனால் அவர்களுக்கு வெளிச்சம் நம்மைவிட அதிகம் வேண்டும். ஆனால் புரை இருந்தால் நேரே படும் ஒளி உள்ளே சிதறிக் கண் கூசும். வெளிச்சமும் கூடுதலாக வேண்டும், விளக்கும் கண்ணில் படக் கூடாது!

கூரையில் பதிக்கும் விளக்கு இதற்கு ரொம்பவும் உதவும், சரியாகத் தேர்ந்தெடுத்தால். தவறாகத் தேர்ந்தெடுத்தால் இதைவிடக் கொடுமை இல்லை. கூரையோடு மட்டமாகத் தட்டுப் போல் ஒளிரும் வகை ஒன்று. ஒளி வரும் பாகம் ஒன்றரை, இரண்டு அங்குலம் உள்ளே குழிந்து, கிணற்றுக்குள் இருப்பது போல் இருக்கும் வகை இன்னொன்று. முதல் வகையை அறையின் எந்த மூலையில் இருந்து பார்த்தாலும் கண்ணில் அடிக்கும். இரண்டாவது, நேர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும். கடையில் விளக்கை எரியவிடச் சொல்லி, கீழே நின்று பார்க்காமல், ஆறடி தள்ளி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பாருங்கள். பத்து நிமிஷம் உட்கார முடிந்தால் வாங்கலாம்.

படுக்கை அறையில் கட்டிலுக்கு நேர் மேலே விளக்கு வேண்டவே வேண்டாம். மல்லாந்து படுக்கிற குழந்தையும் நோயாளியும் வயதானவர்களும் அதையேதான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அத்தையின் அறையில் கட்டில், பீரோ, நாற்காலி எங்கெங்கே என்பதைத் தாளில் வரைந்துகொண்ட பிறகே விளக்குக்கு இடம் குறித்தோம். ஒன்று பீரோவுக்கு இரண்டடி முன்னால், கதவைத் திறந்தால் உள்ளே இருக்கும் புடவை தெரிகிற மாதிரி. இன்னொன்று நாற்காலிக்குப் பின்பக்கமாகத் தோளுக்கு மேல், பேப்பர் படிக்க. மூன்றாவது பாத்ரூம் கதவுக்கு முன்னால்.

அதோடு சுவரில் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் இரண்டு கால் விளக்குகள் பதித்தோம், கட்டிலருகே ஒன்று, நிலைப்படியருகே ஒன்று. ஒவ்வொன்றும் 1 வாட். வெளிச்சம் தரையில் மட்டும் விழும், தூங்குகிறவர் முகத்தில் படாது. ராத்திரி முழுக்கப் பத்து மணி நேரம் எரிந்தாலும் இரண்டு விளக்குக்கும் சேர்த்து இரண்டு மாதத்தில் 1.2 யூனிட்தான். வீட்டில் வேறு எந்த விளக்கையும் சிக்கனம் பண்ணுங்கள், இதைப் பண்ணாதீர்கள்.

இனி நம் ராஜ்யமான சமையலறை. நடுக்கூரையில் ஒரு பெரிய விளக்கு போடுவது வழக்கம். மேடைப் பக்கம் திரும்பி நின்றால் விளக்கு முதுகுக்குப் பின்னால் போய்விடும். நம் நிழலே காய் நறுக்கும் பலகையில் விழும். அரிசியில் கல்லும் தெரியாது, கீரையில் புழுவும் தெரியாது. மேடை இரண்டடி அகலம் என்றால் சுவரிலிருந்து ஏறக்குறைய இரண்டடியில், அதாவது மேடையின் முன் விளிம்புக்கு நேர் மேலே விளக்கு வர வேண்டும். அப்போது ஒளி நம் கைக்கு முன்னால் விழும். அடுப்புக்கு நேர் மேலே மட்டும் வைக்காதீர்கள். எண்ணெய்ப் புகை படிந்து இரண்டே மாதத்தில் மஞ்சள் பூத்துவிடும். மேலே அலமாரி இருந்தால் அதன் அடியில் எல்.இ.டி. பட்டை ஒன்று ஒட்டிக்கொள்வது ரொம்ப சௌகரியம்.

விளக்கின் நிறத்தைப் பற்றி வீட்டுக்கு வீடு சண்டை. எங்கள் வீட்டிலும்தான்! இவருக்குப் பால் வெள்ளைதான் வெளிச்சம்; மஞ்சள் எரிந்தால் "என்ன, வோல்டேஜ் இல்லையா?" என்பார். பெட்டியில் 2700, 3000 கெல்வின் என்று இருந்தால் பழைய குண்டு பல்பு மாதிரி மஞ்சள். 4000 என்றால் நடுத்தரம். 6500 என்றால் ட்யூப்லைட் வெள்ளை. வெள்ளை எல்.இ.டி.யின் உள்ளே இருப்பது உண்மையில் நீல ஒளிதான். அதன் மேல் ஒரு மஞ்சள் பூச்சுப் பூசி வெள்ளையாக்குகிறார்கள். அந்த நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்ததற்குத்தான் அகாசாகி, அமானோ, நகமுரா என்ற மூன்று பேருக்கு 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு கொடுத்தார்கள். 6500-ல் இந்த நீலம் தூக்கல். இரவில் நீல ஒளி அதிகம் பட்டால் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் சுரப்பு தள்ளிப்போகிறது. ஆகவே படுக்கை அறைக்கும் பூஜை அறைக்கும் 3000, சமையலறைக்கும் பிள்ளைகள் படிக்கும் இடத்துக்கும் 4000 என்று பேசி முடித்தோம். இவருக்காக போர்ட்டிகோவில் மட்டும் 6500. சுவிட்சை அணைத்து அணைத்துப் போட்டால் மூன்று நிறம் மாறும் விளக்கும் விற்கிறது. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் அது தொல்லை. ஒவ்வொரு தரமும் "ஏம்மா, இன்னைக்கு ஏன் வேற மாதிரி எரியுது?" என்று கேட்பார்கள்.

பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் இருக்கும். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கு 100-க்கு இத்தனை என்று மதிப்பெண். 80 சாதாரணம். சமையலறைக்கும் கண்ணாடி முன்னாலும் 90 வாங்குங்கள், சிவப்பு சிவப்பாகவே தெரியும். கடைக்குப் போகும்போது அரக்கு ரவிக்கைத் துணி ஒரு துண்டு எடுத்துப் போய் விளக்கின் கீழே பிடித்துப் பார்த்தேன். ஒரு விளக்கில் அரக்கு, இன்னொன்றில் அதே துணி காப்பிப் பொடி நிறம்! கடைப் பையன் சிரித்தான், சிரிக்கட்டும். விளக்கு கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கிறதா என்று பார்க்கவும் வழி உண்டு. மொபைல் காமிராவில் ஸ்லோ மோஷனில் படம் எடுங்கள். வெளிச்சம் விட்டுவிட்டு எரிவது போலவோ, கோடு கோடாக ஓடுவது போலவோ தெரிந்தால் அந்த விளக்கு வேண்டாம், தலைவலிக்காரர்களுக்கு ஆகாது.

துடிப்பு என்றதும் மின்விசிறி ஞாபகம் வருகிறது. விசிறி இறக்கைக்கு மேலே விளக்கு இருந்தால், இறக்கை ஒவ்வொரு சுற்றிலும் ஒளியை வெட்டும். அறை முழுக்க நிழல் ஓடும். பத்து நிமிஷத்தில் தலை சுற்றிவிடும். 48 அங்குல விசிறியின் இறக்கை நடுவிலிருந்து இரண்டடி நீளும். விளக்கு அந்த நடுவிலிருந்து மூன்றரை, நான்கு அடியாவது தள்ளி இருக்கட்டும். குழிந்த விளக்காக இருந்தால் ஒளி பக்கவாட்டில் பரவாமல் நேரே கீழே இறங்கும். அதனால் இந்தத் தொந்தரவு இன்னும் குறையும். எங்கள் தெருவில் ஒரு புது வீட்டில் விளக்கைப் போட்டால் விசிறியை நிறுத்துகிறார்கள், விசிறியைப் போட்டால் விளக்கை நிறுத்துகிறார்கள். தஞ்சாவூர் வெயிலில் இது நியாயமா?

எல்.இ.டி. பல வருஷம் உழைக்கும் என்று சொல்வதில் பொய் இல்லை. ஆனால் அதற்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவர் என்ற சின்னப் பெட்டிதான் முதலில் போகும். அதற்கு எதிரி சூடு. மொட்டை மாடி வெயில் நேரே இறங்கும் தளத்தில் டப்பாவுக்குள் அடைத்தால் ஆயுசு குறையும். ஆகவே டிரைவர் தனியாக வரும் விளக்காகப் பாருங்கள், அது போனால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பின்புறம் அலுமினியம் இருக்கட்டும்; வெறும் பிளாஸ்டிக் வேண்டாம். பி.ஐ.எஸ். முத்திரையும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எந்த அளவு விளக்கு என்பதை முதலிலேயே முடிவு செய்து, ஒன்றை வாங்கி, டப்பாவுக்குள் டிரைவரோடு உட்காருகிறதா என்று தரையிலேயே வைத்துப் பார்த்துவிடுங்கள். டப்பாவுக்கு இடம் பண்ண மேஸ்திரி கம்பியை வெட்டினால் விடாதீர்கள். டப்பாவைத்தான் நகர்த்த வேண்டும், கம்பியை அல்ல.

இன்னும் சில சில்லறை விஷயங்கள். பாத்ரூமுக்கு ஈரம் தாங்கும் வகை, ஐ.பி.44 என்று போட்டிருக்கும். ஈசல் காலத்தில் விளக்கின் முகப்பில் இடுக்கு இருந்தால் செத்த பூச்சி கறுப்பாக உள்ளே சேரும், மூடிய முகப்பாக வாங்குங்கள். முகம் பார்க்கும் கண்ணாடிக்குக் கூரை விளக்கு மட்டும் போதாது. கண்ணுக்குக் கீழே நிழல் விழுந்து வயது பத்து கூடிவிடும்! பக்கவாட்டில் ஒன்று வேண்டும். விசிறி ரெகுலேட்டரில் எல்.இ.டி. விளக்கை இணைத்து வெளிச்சம் குறைக்கப் பார்க்காதீர்கள், விளக்கு கெட்டுப்போகும்.

கான்கிரீட் கொட்டும் நாள் காலையில், மேலே ஏறி ஒவ்வோர் அறையையும் மொபைலில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த டப்பா எந்தச் சுவரிலிருந்து எத்தனை அடி, பைப் எந்தப் பக்கமாகப் போகிறது என்பது அதில் தெரிய வேண்டும். பின்னால் கூரையில் துளை போடும்போது அந்தப் படம்தான் காப்பாற்றும். டப்பாக்களின் வாயில் காகிதமோ தெர்மோகோலோ வைத்து அடைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் சிமென்ட் பால் உள்ளே இறங்கிவிடும். விளக்கு வாங்கும்போது ஒவ்வொரு வகையிலும் இரண்டு கூடுதலாக வாங்கி, பில்லோடு பீரோவில் வைத்துவிடுங்கள். மூன்று வருஷம் கழித்து அதே அளவு, அதே நிறம் கடையில் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.