முதலில் அறை, பிறகு கருவி

புணே நகருக்கு டிசம்பர் இசை மாதம். பண்டிட் பீம்சேன் ஜோஷி தம் குரு சவாய் கந்தர்வரின் நினைவாக 1953இல் தொடங்கிய விழா, இன்று திறந்தவெளிப் பந்தலில் நடைபெறுகிறது. பாடகரின் குரலைத் திருப்பியனுப்ப அங்கே சுவர்கள் இல்லை. அந்த இசையை வீட்டிலும் கேட்க விரும்பிப் பெருந்தொகைக்கு ஸ்பீக்கர் வாங்குவோர் உண்டு. வாங்கிய பின் தம்பூராவின் நாதம் கலங்கியும் தபலாவின் கீழ்முழக்கம் அறையெங்கும் உருண்டும் கேட்டால், குறை கருவியில் இருப்பதாக எண்ணி இன்னும் விலையுயர்ந்த ஒன்றுக்குத் தவணை கட்டத் தொடங்குகிறோம். பெரும்பாலும் குறை அறையில்தான் இருக்கிறது.

இதை அளந்து காட்டியவர் வாலஸ் சபைன். 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் புதிய விரிவுரைக் கூடமொன்றில், பேசிய சொல் ஐந்தரை விநாடி அடங்காமல் நின்றது. சபைன் அருகிலிருந்த அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து அடுக்கி, ஓர் ஆர்கன் குழலை ஒலித்து, ஒலி தேயும் நேரத்தைக் குறித்தார். ஒலியை விழுங்கும் திறனுக்கு அவர் கொண்ட அலகு, ஒரு திறந்த ஜன்னலின் பரப்பு. வெளியே போன ஒலி திரும்புவதில்லை அல்லவா?

அவருடைய சூத்திரத்தை நம் அடுக்குமாடி வீட்டுக்குப் பொருத்துவோம். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். டைல்ஸ் தரை, வெறும் சுவர். எதிர்முழக்கம் ஏறத்தாழ 3 விநாடி வரும். இசை கேட்க அரை விநாடிக்கும் குறைவே நலம். அதற்குச் சுமார் 14 சதுர மீட்டர் திறந்த ஜன்னலுக்கு நிகரான பொருள்கள் அறைக்குள் வேண்டும். மெத்தை விரித்துத் திண்டில் சாய்ந்தமரும் மராத்திய வீட்டு பைட்டக், எவரும் கணக்குப் போடாமலே இதில் பெரும்பகுதியைச் செய்துவிடுகிறது. கனத்த திரை, ஜமக்காளம், துணி சோபா, நிறைந்த புத்தக அலமாரி ஆகியவையும் உதவும்.

அடுத்து, பக்கச் சுவர்கள். நீங்கள் வழக்கமான இடத்தில் அமர, மற்றொருவர் சுவரையொட்டி ஒரு கண்ணாடியை நகர்த்தட்டும். ஸ்பீக்கர் எங்கே கண்ணாடியில் தெரிகிறதோ, அங்கே திரையோ கம்பளமோ தொங்கவிடலாம்.

கீழ்முழக்கமே கடினமானது. மேற்சொன்ன அறையில் நீளவாக்கில் 43 ஹெர்ட்ஸிலும், அகலம் உயரம் இரண்டிலும் ஒருசேர 57 ஹெர்ட்ஸிலும் ஒலி தேங்கும். 57 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 6 மீட்டர். ஓர் அங்குல ஃபோம் அதை என்ன செய்துவிடும்? முட்டைத் தட்டுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தடித்த ராக்வூல் பலகைகளைத் துணியால் மூடி, அறையின் மூலைகளில் தரையிலிருந்து உயரமாக நிறுத்துவதே பயன் தரும். அதற்கு முன், செலவில்லாத ஒன்றைச் செய்து பாருங்கள்: இருக்கையைப் பின்சுவரிலிருந்து முன்னே நகர்த்துங்கள். சுவரருகே கீழ்முழக்கம் மிகும்; அறையின் நட்டநடுவில் மெலியும்.

இவை எவையும் பக்கத்து வீட்டுக்குச் செல்லும் ஓசையைத் தடுக்கா. அது கனமான சுவரும் இடைவெளியற்ற கதவும் செய்யும் வேலை, செலவும் வேறு. தீத்தடுப்புச் சான்று இல்லாத ஃபோமை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம்.

புணேயில் வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் 11 மாதத்துக்கானவை. ஆகவே சுவரில் துளையிடாமல், மரச்சட்டத்தில் தாமே நிற்கும் பலகைகளாகச் செய்துகொண்டால் அடுத்த வீட்டுக்கும் எடுத்துச் செல்லலாம். மழைக்காலத்தில் மட்டும் அவற்றைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி நிறுத்துங்கள்; ஈரம் தங்காது.