குடல் அழற்சி நோயும் இதயத் துடிப்பும்

குரோன் நோய், பெருங்குடல் புண் அழற்சி ஆகிய இரண்டும் நாட்பட்ட குடல் அழற்சி நோய்களாகும். இந்நோயாளிகளில் சிலருக்கு நெஞ்சு படபடப்பு ஏற்படுவதுண்டு. வயிற்றுப்போக்கினால் வந்த சோர்வு என்று கருதி அதைப் பொருட்படுத்தாமல் விடலாகாது; நோய் தீவிரமடைந்துள்ள காலத்தில் கூடுதல் கவனம் தேவை.

டென்மார்க்கில் நாடு தழுவிய மருத்துவப் பதிவேடுகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2014-இல் வெளியான ஆய்வு ஒன்று இதற்குச் சான்று. இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் நடுங்கும் நிலைக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று பெயர். குடல் நோய் தீவிரமாக இருந்தபோது இக்கோளாறு ஏற்படும் வாய்ப்பு, பிறரைக் காட்டிலும் இரு மடங்குக்கு மேல் இருந்தது. நோய் தணிந்திருந்தபோது அவ்வேறுபாடு காணப்படவில்லை. நடுங்கும் மேலறையில் இரத்தம் தேங்கி உறைந்து, அவ்வுறைகட்டி மூளையை அடைந்தால் பக்கவாதம் நேரிடும்.

அழற்சி குடலோடு நிற்பதில்லை. அழற்சியைத் தூண்டும் பொருள்கள் இரத்தத்தின் வழியே இதயத் தசையையும் பாதிக்கின்றன. அத்துடன், தொடர் வயிற்றுப்போக்கில் பொட்டாசியமும் மக்னீசியமும் வெளியேறுகின்றன. இதயத்தின் மின்னியக்கம் சீராக நடைபெற இவ்விரண்டும் இன்றியமையாதவை. பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகள் பொட்டாசியத்தை மேலும் குறைக்கக்கூடும். இளநீரில் பொட்டாசியம் உண்டு. ஆனால் சோடியம் குறைவு என்பதால் அது ஓ.ஆர்.எஸ். கரைசலுக்கு மாற்றாகாது. சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்ட பின்னரே இளநீர் அருந்த வேண்டும்.

பொட்டாசியம் குறைந்திருக்கும் வேளையில், வாந்தியை நிறுத்தும் ஆன்டான்செட்ரான், நுண்ணுயிர்க்கொல்லியான அசித்ரோமைசின் போன்றவை துடிப்பைக் குலைக்கலாம். மருந்துக் கடையில் தாமாக வாங்கி உண்பது இதனாலேயே ஆபத்தானது. வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபரமைடை அளவுக்கு மீறி உட்கொள்வதும் அத்தகையதே. ஒசானிமோட் மருந்து தொடங்கும்போது துடிப்பின் வேகத்தைக் குறைக்கக்கூடும் என்பதால், முன்னதாக இ.சி.ஜி. எடுக்கப்படும்.

உடனிருந்து பராமரிப்பவர், நோயாளி ஓய்வாக இருக்கையில் மணிக்கட்டில் நாடியை ஒரு நிமிடம் முழுவதும் எண்ணிப் பார்க்கலாம். காய்ச்சல், இரத்தசோகை, நீரிழப்பு ஆகியவற்றாலும் நாடி விரைவுபடும். தாளம் தவறித் துடித்தால் அன்றே மருத்துவரை அணுகி, இ.சி.ஜி.யும் இரத்தத் தாது அளவுப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் தாமதியாது 108-ஐ அழைக்கவும்.

இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து உட்கொள்வோர், மலத்தில் இரத்தம் கண்டால் அச்சத்தால் மருந்தைத் தாமே நிறுத்திவிடக் கூடாது. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மருந்தைத் தொடர்வதா, மாற்றுவதா என்பதைக் குடல் நோய் மருத்துவரும் இதய மருத்துவரும் கலந்து முடிவு செய்வர்.